அச்சம் எழுதிய பதிவேடு



ஒருவரை நல்லவர் என்றும் இன்னொருவரைக் கெட்டவர் என்றும் யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். பொத்தாம்பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும். ஆகவே நம் மண்ணில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பாட்டன் பூட்டன் காலத்துக் கதையாக இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பட்டமளிப்பு விழா அரங்கத்திலேயே இருப்பார்கள். சிலருடைய சாதிச் சான்றிதழில் ‘சீர்மரபினர்’ என்று எழுதியிருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு இது.

1871இல் பிரிட்டிஷ் இந்திய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு சமூகத்தையே பரம்பரைக் குற்றவாளிகள் என்று அரசிதழில் அறிவிக்க அந்தச் சட்டம் அதிகாரம் தந்தது. அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதி வைத்தார்கள். சாட்சி வேண்டாம், வழக்கு வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். ஒருவன் என்ன செய்தான் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. எந்த வீட்டில் பிறந்தான் என்று தெரிந்தால் போதும்.

இவ்வளவு பெரிய அநியாயத்தை எழுதியவர்கள் யார்? சட்டம் படித்தவர்கள், பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கியவர்கள். குற்றத்தை ஒழிக்கிறோம் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அடியில் இருப்பது பயம். 1857இல் வட இந்தியாவின் பெரும்பகுதி கிளர்ந்து எழுந்ததை அவர்கள் மறக்கவில்லை. ஓர் ஊரில் தங்காமல் நடமாடிக்கொண்டே இருப்பவர்களிடம் வரி வாங்க முடியாது, அவர்களைக் கண்காணிக்கவும் முடியாது. அப்படிப்பட்டவர்களைப் பார்த்தாலே ஆட்சிக்கு நடுக்கம். அதே சட்டத்தின் இன்னொரு பகுதி திருநங்கையரையும் பதிவேட்டில் ஏற்றியது. அப்படிப் பதிவான ஒருவர் பெண்ணுடை உடுத்தித் தெருவில் நடந்தாலோ ஆடினாலோ தண்டனை உண்டு. யாருடைய பொருளை அவர்கள் எடுத்தார்கள்? ஆள்பவர்களுக்குப் புரியாத ஒரு வாழ்க்கையை வாழ்ந்தார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்துக் குறவர்களின் கதையைக் கேளுங்கள். மாட்டின் மீதும் கழுதையின் மீதும் உப்பையும் தானியத்தையும் ஏற்றி ஊர் ஊராக விற்ற வணிகர்கள் அவர்கள். கடற்கரை உப்பு உள்நாட்டுக் கிராமத்து அடுப்படிக்கு வந்ததில் அவர்கள் கால்நடையின் பங்கு பெரிது. அரசு உப்பைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ரயில் வந்து பொதிமாட்டின் வேலையைப் பறித்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் மிச்சம் இருந்ததையும் அரித்தது. பிழைப்பைப் பிடுங்கிய அரசே பிறகு, ‘இவர்களுக்குப் பிழைக்க வழி ஒன்றும் தெரியவில்லையே, திருடித்தான் தின்கிறார்கள்’ என்று சந்தேகப்பட்டது. ஒருவனைத் தெருவில் நிறுத்திவிட்டு, தெருவில் நிற்பதே அவன் குற்றம் என்று சொன்னார்கள்.

1911இல் புதிய சட்டம் வந்தபோது சென்னை மாகாணமும் அதன் பிடிக்குள் வந்தது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தது. காலங்காலமாக ஊர்க்காவல் பார்த்தவர்கள் அவர்கள். காவலுக்குக் கூலி உண்டு; களவு போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் துப்புக்கூலி உண்டு. இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காவல் கூலி கொடுக்காத ஊரில் களவு நடந்ததும் உண்மை, அதனால் நொந்த குடியானவர்களின் கோபமும் உண்மை. திருடியவனைப் பிடித்து விசாரித்துத் தண்டித்திருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அரசு செய்தது வேறு. தன் போலீசைத் தவிர வேறு எவரும் ஊரைக் காக்கக் கூடாது என்று நினைத்தது. காவல்காரன் அதற்குப் போட்டியாளன் ஆனான். கடைசியில் மொத்தச் சமூகத்தையும் குற்றப்பரம்பரை என்று அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களும் கள்ளர் மரபைச் சேர்ந்தவர்கள்தான். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது அந்த அரசு. அந்த மன்னர்களுக்கு பிரிட்டிஷார் 17 குண்டு முழக்கி மரியாதை செய்தார்கள். அதே பெயரைத் தாங்கிய இன்னொரு பிரிவினர், மதுரைக்கு மேற்கே, இரவானால் போலீசுக்கு முன்னால் போய் நின்று தங்கள் இருப்பைக் காட்ட வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இரத்தத்தில் குற்றம் ஓடுகிறது என்று சொன்னவர்களுக்குப் புதுக்கோட்டை அரண்மனையில் மட்டும் அது எப்படித் தெரியாமல் போனது?

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். கைரேகை எடுக்க அதிகாரிகளும் ஆயுதப் போலீசும் வந்தார்கள். மக்கள் கையைக் கொடுக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப்போன மாயக்காளும் அவர்களில் ஒருவர் என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அரசின் கணக்கில் அன்று மறுத்தவர்கள் கெட்டவர்கள். பேசாமல் மையில் விரலைத் தோய்த்திருந்தால் நல்லவர்கள். அதிகாரம் பயப்படும்போது, அடங்கிப் போவதற்கு ‘நல்லது’ என்று பெயர் வைத்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் செய்தான் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஊருக்குள் யார் யார் என்று பட்டியல் கொடுத்தவர்கள் நம் ஊர் அதிகாரிகள். பக்கத்துத் தெருக்காரர்கள் அதை நம்பினார்கள். அரசாங்கமே சொல்கிறது, புத்தகத்திலும் எழுதியிருக்கிறது என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? ‘அவங்க அப்படித்தான்’ என்று திண்ணையில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், சட்டம் போன பிறகும் அது போவதில்லை. ஒரு குழந்தை தன்னைப் பற்றி அந்த வார்த்தையைக் கேட்டுக்கேட்டு வளர்ந்து, ஒருநாள் அதைத் தானே நம்பத் தொடங்குவதைத்தான் இந்தச் சட்டம் செய்த மிகப் பெரிய கொடுமையாக நான் நினைக்கிறேன்.

இரக்கமுள்ளவர்களும் இதில் இருந்தார்கள். சால்வேஷன் ஆர்மி போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் முள்வேலிக்கும் ரோல்கால் மணிக்கும் நடுவே குடியிருப்புகளை நடத்தின. தறி நெய்யக் கற்றுக்கொடுத்தார்கள், ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. திருத்துகிறோம் என்று வந்தவர்களில் எத்தனை பேர், ‘இவர்கள் செய்த தவறு என்ன?’ என்று கேட்டார்கள்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் நன்மை தீமை என்பதே பலசாலி சொல்வதுதானா?’ என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அப்படி இருந்தால் பெருங்காமநல்லூரில் நடந்ததை அநியாயம் என்று நம்மால் சொல்லவே முடியாது. துப்பாக்கியும் அரசிதழும் நீதிமன்றத்தின் மௌனமும் ஒரே பக்கம் இருந்தபோதும், அது தவறு என்று விரலை மடக்கிக்கொண்ட விவசாயிக்குத் தெரிந்திருந்தது. நன்மை தீமை உண்டு. பயம் அதன் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டிவிடுகிறது.

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது, நாடு முழுக்க 1952இல். ஆனால் 1948லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. பல மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை சில மாநிலச் சிறை விதிகளில், அந்தப் பழைய சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதலாம் என்ற வரி அப்படியே கிடந்தது. 1871இல் பிறந்த சந்தேகம் சுதந்திர இந்தியாவின் விதிப்புத்தகத்தில் சோறு தின்று வாழ்ந்திருக்கிறது.

உங்களில் சிலர் நாளை காவல்துறை உதவி ஆய்வாளர் ஆவீர்கள். சிலர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சிலர் பத்திரிகையிலும் வங்கியிலும் உட்காருவீர்கள். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரைச் சந்தேகிக்கலாம் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் உங்களுக்கு வரும். ஒரு பட்டியல் உங்கள் மேஜைக்கு வந்து சேரும். மேலதிகாரி கையெழுத்து இருக்கும், எல்லோரும் ஒப்புக்கொண்டதாக இருக்கும். அதில் இருக்கும் மனிதன் என்ன செய்தான் என்று கேளுங்கள். அவனைக் கண்டு யார் பயப்படுகிறார்கள், ஏன் பயப்படுகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்படிக் கேட்ட ஒருவர் மதுரையில் இருந்தார். ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் பிறந்தவர், எடின்பரோவில் படித்தவர், லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். சாதியோ ஊரோ சொந்தமோ பிரமலைக் கள்ளர்களோடு அவரைச் சேர்க்கவில்லை. அவர்களுக்காக எழுதினார், நீதிமன்றத்தில் வாதாடினார், அரசின் பகையைச் சம்பாதித்தார். ‘ரோசாப்பூ துரை’ என்று கள்ளநாட்டு மக்கள் அவரை அழைத்தார்கள். அவர் கையில் இருந்ததும் இன்று உங்கள் கையில் இருப்பது போன்ற ஒரு பட்டம்தான்.