கண்ணால் துரத்தும் நாய்

கர்நாடக மாநிலத்தில், பாகல்கோட் மாவட்டத்தில், முதோள் என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊரின் பெயரிலேயே ஒரு நாய் வகை இருக்கிறது. உயரமான நாய். நீண்ட கால்கள். கூரிய முகம். ஒட்டிய வயிறு. இரண்டு மூன்று விலா எலும்புகள் வெளியே தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள், "ஐயோ பாவம், இதற்குச் சோறு போடுவதில்லையா?" என்று கேட்பார்கள்.

அது பட்டினி கிடக்கும் நாய் அல்ல. அதன் உடல்வாகே அப்படித்தான். ஏன் அப்படி? பார்ப்போம்.

வேட்டை நாய்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை மோப்பம் பிடித்துத் தேடும். தரையை முகர்ந்துகொண்டே நெடுந்தூரம் போகும். இன்னொரு வகை கண்ணால் பார்த்துத் துரத்தும். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், பாய்ந்துவிடும். முதோள் நாய் இந்த இரண்டாம் வகை. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நாய், தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி, மேலைநாட்டு கிரேஹவுண்ட் ஆகியவையும் இதே வகைதான்.

துரத்துவதற்கு வேகம் வேண்டும். 2009இல் உசைன் போல்ட் 100 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை செய்தார். அப்போது அவருடைய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர். கிரேஹவுண்ட் நாய் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

இந்த வேகம் எப்படி வருகிறது? இதன் மார்பு ஆழமானது. உள்ளே நுரையீரலுக்கும் பெரிய இதயத்துக்கும் இடம் இருக்கிறது. முதுகெலும்பு வில் போல வளையும், நிமிரும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். கால்களை மடக்கும்போது ஒரு முறை, நீட்டும்போது ஒரு முறை. குதிரை பாயும்போதுகூட ஒரு முறைதான் அப்படி எழும்பும்.

உடம்பில் கொழுப்பு குறைவு. தோல் மெல்லியது. ஓடுவதற்கு அது நல்லது. ஆனால் அதனால் தொல்லையும் உண்டு. குளிர் தாங்காது. வெறும் தரையில் படுத்தால் உடம்பு நோகும். ஒரு சாக்காவது விரிக்க வேண்டும். முள்வேலியில் பட்டால் தோல் கிழிந்துவிடும். சில மயக்க மருந்துகள் இந்த உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதனால் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனால், இது எந்த வகை நாய் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

முன்பு இந்த நாய்களைக் கொண்டு முயல் பிடித்தார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று நாயை விட்டு முயல் பிடித்தாலும் குற்றம்தான். முயல் வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் நாயின் சுபாவம் மாறவில்லை. கோழி ஓடினால் துரத்தும். ஆட்டுக்குட்டி ஓடினால் துரத்தும். துரத்தும்போது கூப்பிட்டால் திரும்பாது. கிணறும் தெரியாது, லாரியும் தெரியாது. அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பது தவறு. பல தலைமுறையாக மனிதர்கள்தான் அதை அப்படி வளர்த்தார்கள்.

முதோள் வட்டாரத்தில் பல குடும்பங்கள் குட்டிகளை வளர்த்து விற்றுப் பிழைக்கின்றன. 2005இல் இந்த நாயின் படத்துடன் அஞ்சல் தலை வெளியானது. 2016இல் சில குட்டிகள் ராணுவப் பயிற்சிக்காக மீரட் நகரத்துக்குப் போயின. பெயர் பரவியது. வாங்குகிறவர்களும் பெருகினார்கள். ஆனால் சிலர் அழகுக்காக வாங்குகிறார்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போடுகிறார்கள். ஓடப் பிறந்த நாய் கட்டியே கிடந்தால் என்ன ஆகும்? குரைக்கும், கடிக்கும், சோர்ந்து போகும். பிறகு, "இது சரியில்லை" என்று தெருவில் விட்டுவிடுகிறார்கள்.

வளர்க்க நினைப்பவர்கள் இவற்றை மனதில் வையுங்கள்.

தினமும் காலையிலோ மாலையிலோ, வேலி அடைத்த இடத்தில் ஓட விடுங்கள். வெயிலில் வேண்டாம். வயிறு நிறைந்தவுடன் வேண்டாம். சாலையில் வார் போட்டுப் பிடித்துச் செல்லுங்கள். குட்டியாக இருக்கும்போதே ஆடு, கோழிகளுடன் பழக்குங்கள். அப்போதும் ஒரு கண் வைத்திருங்கள்.

விலா எலும்பு கொஞ்சம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எல்லா எலும்பும் துருத்திக்கொண்டு, நாய் சோர்ந்து கிடந்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அடுத்த ஊசி எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுத் தவறாமல் போடுங்கள். ஊசி போட்டதும் ஓர் அட்டை தருவார்கள். அடுத்த தேதி அதில் எழுதியிருக்கும். அதை நீங்களே படித்துப் பாருங்கள். குட்டி வாங்கும்போதும் அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

ஓட இடமும் கவனிக்க நேரமும் இருந்தால் வளர்க்கலாம். இல்லாவிட்டால் வாங்காமல் இருப்பதே அந்த நாய்க்குச் செய்யும் நன்மை.