பொட்டலத்தைப் பிடித்தால் போதுமா?

(ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு நாளையொட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போதையால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை எனக்கு முன்னால் டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். நான் வங்கிக் கவுன்டரில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது பணம். அதை மட்டும் பேசுகிறேன்.

காட்பாடியில், ஜோலார்பேட்டையில் ரயிலில் கஞ்சா சிக்கியது என்று அடிக்கடி பேப்பரில் படிக்கிறோம். விசாகப்பட்டினம் பக்கத்து மலைப்பகுதியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கிளம்பும் சரக்கு கேரளா போக நம் ஊர்த் தண்டவாளம் ஒரு வழி. பிடிபடுகிறவர் யார்? பெரும்பாலும் கூலிக்குப் பை தூக்கி வந்த பையன். பை போனால் வியாபாரிக்கு ஒரு நட்டம், அவ்வளவுதான். ஒரு லோடு தோல் கெட்டுப்போனதற்காக ஆம்பூரில் யாராவது தொழிலை மூடியிருக்கிறார்களா? கையில் பணம் இருக்கிறவரை அடுத்த லோடு வரும். அந்தப் பணத்தைத்தான் பிடுங்க வேண்டும்.

அதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1985-ல் வந்த என்.டி.பி.எஸ். சட்டத்தில் 1989-லேயே '5ஏ' என்று ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். போதை வியாபாரத்தில் வந்த சொத்து உறவினர் பெயரில் இருந்தாலும் கூட்டாளி பெயரில் இருந்தாலும் முடக்கலாம், பிறகு பறிமுதல் செய்யலாம். நேர்வழியில் வந்தது என்று காட்ட வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. விசாரணை நடத்த ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கே அதிகாரம் உண்டு.

நம் மாநிலத்தில் செய்தும் காட்டினார்கள். 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. 2022-ல் 2.0 நடந்தது. அப்போது டி.ஜி.பி. சைலேந்திர பாபு. கைதோடு நிற்காமல் வங்கிக் கணக்குகளையும் முடக்கினார்கள். அஸ்ரா கார்க் தென்மண்டல ஐ.ஜி.யாக இருந்தபோது மதுரைப் பக்கம் குடும்பத்தார் பெயரில் இருந்த சொத்துகளையும் முடக்கினார்கள். பிறகு ஏன் நமக்கு இன்னும் பொட்டலக் கணக்கே கேட்கிறது?

ஆள் போதாது, ஐயா. முடக்கும் உத்தரவு போட்டால் 48 மணி நேரத்துக்குள் அதன் நகல் சென்னையில் இருக்கும் தகுதி வாய்ந்த அதிகாரிக்குப் போக வேண்டும். 30 நாளுக்குள் அவர் உறுதி செய்யாவிட்டால் உத்தரவு செல்லாது. கைதுக்கு ஆறு வருடத்துக்கு முன்பே வாங்கிய சொத்தைப் பறிக்க முடியாது, ஆகவே எந்தச் சொத்து எப்போது, எந்தப் பணத்தில் வந்தது என்று தேதிவாரியாகக் காட்ட வேண்டும். பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, திருவிழா என்று ஓடுகிற இன்ஸ்பெக்டர், இரண்டாயிரம் வரி ஸ்டேட்மென்ட்டை எந்த ராத்திரியில் உட்கார்ந்து படிப்பார்? நான் வேலையில் இருந்தபோது ஒரு ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தது. ஆளின் பெயரும் ஊரும் மட்டும் எழுதி, கணக்கை முடக்கு என்றிருந்தது. அந்தப் பெயரில் எங்களிடம் பதினொரு கணக்கு! கொண்டுவந்த கான்ஸ்டபிளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, விவரத்தோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

கணக்கு படிக்கத் தெரிந்தவர் என்ன பார்ப்பார் என்று ஓர் உதாரணம். ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க் ஷெட் என்று ஒரு கணக்கு இருப்பதாக வையுங்கள். நம் பக்கத்தில் உண்மையான ஷெட் என்றால் கம்பெனியிடமிருந்து பில்லுக்குப் பணம் வரும், சனிக்கிழமை கூலிக்கு ரொக்கம் வெளியே போகும். நூல், பசை, கரண்ட் பில் என்று சில்லறைச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக தினம் ரொக்கம் உள்ளே வருகிறது, நூல் வாங்கிய சுவடே இல்லை, மாதக் கடைசியில் மொத்தமும் மச்சினன் கணக்குக்குப் போகிறது என்றால்? டேலி பார்த்துப் பழகிய கிளார்க்குக்கு அரை மணி நேர வேலை இது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பறிமுதல் சொத்தை விற்ற பணம் மத்திய அரசின் தேசிய நிதிக்குப் போகும் என்று அதே சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்கிறது. உழைத்த ஸ்டேஷனுக்கு நேராக வருவதில்லை. பிரிட்டனில் இப்படி மீட்கும் பணத்தில் பாதியைப் போலீஸ், வழக்கு நடத்துபவர்கள், கோர்ட் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் உள்ளூர் போலீஸுக்கு 80 சதவீதம் வரைகூடப் போகும். அங்கே வழிப்போக்கர் கையிலிருக்கும் ரொக்கத்தையும் சந்தேகத்தின் பேரில் பிடுங்குகிறார்கள் என்று பெரிய புகார். அதனால் பிடித்த ஸ்டேஷனுக்கே பங்கு என்பது எனக்குச் சம்மதமில்லை. மாவட்டத்துக்கு ஒரு கணக்குப் பிரிவு வைத்து, அதன் சம்பளத்துக்கு அந்த நிதியிலிருந்து ஒதுக்கட்டும். படிக்கத் தெரிந்தவர் இருந்தால் தவறான கணக்கை முடக்குவதும் குறையும்.

ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு, பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் 'நண்பனிடம்' கொடுத்தான். ஒருநாள் கணக்கு முடங்கியது, அம்மா அதில் போட்டு வைத்த சீட்டுப் பணமும் சேர்ந்து. அவன் குற்றவாளியா, ஏமாளியா என்று பிரித்துப் பார்க்க ஒருவர் நேரம் ஒதுக்கவே ஏழு மாதம் ஆயிற்று. பிள்ளைகளே, கணக்கை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

வீட்டு உரிமையாளர்களுக்கு ஒன்று. தெரிந்தே வீட்டை இதற்கு விட்டால் 25-வது பிரிவில் நீங்களும் குற்றவாளி. வாடகையை வங்கி வழியாக வாங்குங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள். ஆறு மாத வாடகையை ரொக்கமாக முன்னாலேயே நீட்டினால் சந்தோஷப்படாமல் கொஞ்சம் விசாரியுங்கள். தகவல் சொல்ல 1933 என்ற மத்திய அரசு எண் இருக்கிறது. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது, 68-வது பிரிவு அப்படி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாவட்டத்துக்கு ஒரு கணக்குப் பிரிவு வேண்டும், அதுவரை ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களை, ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று எஸ்.பி. அவர்களுக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருப்பார்கள். நம் நான்கு பிளாக்கில் என்னைச் சேர்த்து ஆறு பேர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், நான் எண்ணிவிட்டேன். அந்த ஐந்து பேரும் கையெழுத்தோடு போன் நம்பரையும் எழுதுங்கள்.