சூட்டோடு மூடிய குப்பி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழு உறுப்பினர் ஒருவரின் மகளான விலங்கியல் மாணவி பேசியதன் எழுத்து வடிவம்)



போன கோடை விடுமுறையில் ரெண்டு மாசம் பெங்களூருவில் ஒரு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். "அங்க போயி என்னத்தா செஞ்ச?" என்று கேட்காத ஆள் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிடுறேன். ஈ வளர்த்தேன்.

சிரிக்காதீங்க. கனிஞ்ச வாழைப்பழத்துல மொய்க்குமே சின்ன ஈ, அதுதான் பழ ஈ. மனுஷருக்கு நோய் தரும் மரபணுக்களில் ஏறக்குறைய நாலில் மூணு பங்குக்கு இந்த ஈயிலும் இணை உண்டு. முட்டை பத்து நாளில் முழு ஈ ஆகிவிடும். தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பரம்பரைக் குணங்களைக் குரோமோசோம்கள் சுமக்கின்றன என்பதை இந்த ஈயை வைத்தே காட்டினார். அதற்கு 1933-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நடுக்குவாத நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு பழுதான ஈக்களையும் நல்ல ஈக்களையும் ஒப்பிடுவதுதான் என் வேலை. ஒரு குழாயில் பத்து ஈயை விட்டுத் தட்டினால் எல்லாம் கீழே விழும். நல்ல ஈ சில நொடியில் சுவரேறிடும். பழுதான ஈ வயசாக வயசாகத் தடுமாறும். எத்தனை ஏறுச்சு, எத்தனை நொடியில் ஏறுச்சு என்று எண்ணி எழுதணும்.

ஈக்குத் தீனி நாமதான் காய்ச்சணும். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடல்பாசி எல்லாம் போட்டுக் கூழ் மாதிரி கிண்டிக் குப்பியில் ஊத்தணும். நம்ம வீட்டு வேலைதானேன்னு அலட்சியமா இருந்துட்டேன். ஒருநாள் அவசரத்தில் ஆறுறதுக்கு முன்னாடியே குப்பிகளை மூடிட்டேன். உள்ளே வேர்த்துத் தண்ணி நின்னுச்சு. அதில் ஒட்டிக்கிட்டு, மூணு வாரமாக வளர்த்த ஈக்கள் பாதிக்கு மேல செத்துப் போச்சு. "சூட்டோட மூடாதடி"ன்னு எங்கம்மா சோத்துப் பானைக்குச் சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ஒரு கெட்ட யோசனை. நோட்டில் சில எண்களை நானே நிரப்பிட்டா யாருக்குத் தெரியும்? பேனாவைக் கையில் எடுத்தும் விட்டேன். எங்கம்மா குழுவில் ஒரு தடவை கணக்கில் நாப்பது ரூபாய் இடிச்சுச்சு. "நான் போட்டுடுறேன், விடுங்க" என்று ஒருத்தர் சொன்னதுக்கு எழுதுற அக்கா ஒத்துக்கலை. "ரூ.40 குறைகிறது" என்றே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. சின்னப் பிள்ளையா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

மறுநாள் காலையில் உள்ளதை உள்ளபடி எழுதி, வழிகாட்டி மேடத்திடம் காட்டினேன். திட்டுவாங்கன்னு பயந்தேன். "ஏன் செத்துச்சுன்னும் எழுது" என்றாங்க, அவ்வளவுதான். நான் கிளம்பும்போது அங்கே தீனி காய்ச்சும் இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு: "நன்றாக ஆறிய பிறகே மூடவும்." என் ஆராய்ச்சி பாதிதான் முடிஞ்சுது. கடைசி நாள் எல்லார் முன்னாடியும் அப்படியே சொன்னேன்.

நான் போக முடிஞ்சதுக்குக் காரணம் இந்தக் குழுதான். உதவித்தொகை வேலையில் சேர்ந்த பிறகுதான் வரும். ரயில் டிக்கெட்டுக்கும், போய் இறங்கினதும் சாப்பாட்டுக்கும் முன்பணம் வேணுமே! "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா அனுப்பவா?" என்று பேச்சு வந்துச்சு. அரைமணி நேரம் வாதம் நடந்து, நாலாயிரம் ரூபாய் உள்கடன் தீர்மானமாச்சு. தவணை தவறாமல் கட்டி முடிச்சாச்சு.

தனியாகப் போன முதல் பெண் நான் இல்லை. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் படித்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912-இல் டாக்டராக வெளியே வந்தார்.

ஆராய்ச்சி நமக்குத் தூரமான விஷயமும் இல்லை. நம்ம மாவட்டத்து வம்பனிலேயே தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கு. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் உளுந்து ரகங்களை அங்கே உருவாக்கியிருக்காங்க. உளுந்து போடுறவங்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருஷா வருஷம் கோடைப் பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கிறாங்க. கோடைக்குப் பல மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கணும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேணும். உங்க வீட்டில் அறிவியல் படிக்கிற பிள்ளை இருந்தா இப்பவே கேட்கச் சொல்லுங்க. இடம் கிடைச்சு, முன்பணம் இல்லைன்னு ஒரு பிள்ளை நின்னுடக் கூடாது. பயணச் செலவுக்கு உள்கடன் தரலாம்னு ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் போட்டு வைங்க.

விண்ணப்பம் எழுத உதவிக்கு நான் இருக்கேன்.