கம்பம் வந்தது, கரண்டு யாருக்கு வந்தது?

(கரியாலூரில் மாணவர்கள், இளைஞர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

மின்சாரத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் இஞ்சினியர் இல்லை. இருட்டில் வளர்ந்தவன் என்கிற தகுதியில்தான் பேசறேன்.

எங்க ஊர் கோமுகி ஆத்துப் பக்கம். எங்கப்பா ஒரு நிலக்காரர்கிட்ட பண்ணையாள். ராத்திரி மும்முனைக் கரண்டு வரும் நேரம் பார்த்துப் போய் மோட்டார் போடுவார், கரும்புக்குத் தண்ணி கட்டுவார், விடியக்காலையில சேரிக்குத் திரும்புவார். மோட்டார் கொட்டாயில குண்டு பல்பு எரியும். எங்க வீட்டுல சீமெண்ணெய் விளக்கு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சது அந்த விளக்குலதான். ஊர்த்தெருவின் கடைசிக் கம்பத்தோட லைன் நின்னுபோச்சு. தினமும் மோட்டாருக்குச் சுவிட்சு போட்ட ஆளோட வீட்டுல சுவிட்சே கிடையாது.

ஆனா அரசாங்கக் கணக்குல எங்க ஊர் ‘மின்வசதி பெற்ற கிராமம்’. எப்படி? 1997 வரை இந்திய அரசு வைத்திருந்த வரையறை இதுதான்: வருவாய்க் கிராம எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற கிராமம். ஒரு மோட்டார் ஓடினாப் போதும். ஒரு வீட்டுலயும் விளக்கு எரிய வேண்டாம்.

1997இல், மக்கள் குடியிருக்கும் பகுதிக்குள் மின்சாரம் பயன்பட வேண்டும் என்று மாற்றினார்கள். 2004இல் மறுபடியும் மாற்றினார்கள். குடியிருப்பில் டிரான்ஸ்பார்மரும் மின்கம்பியும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு வேண்டும். நூற்றுக்குப் பத்து வீடுகளிலாவது மின்சாரம் இருக்க வேண்டும். குடியிருப்பு என்பதோடு நிற்காமல், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கும் கம்பி போக வேண்டும் என்று தனியாகவே எழுதினார்கள். ஏன் தனியா எழுதணும்? கிராமம்னு மட்டும் எழுதினா சேரி அதுல சேராதுன்னு டெல்லிக்கும் தெரிஞ்சிருக்கு. இதைத் தெரிஞ்சுக்க சுதந்திரத்துக்கு அப்புறம் 57 வருசம் ஆகியிருக்கு.

அப்பவும் நூத்துக்குப் பத்துதான் கணக்கு. அந்தப் பத்துல யார் வீடு வரும், மிச்சம் தொண்ணூறுல யார் வீடு கிடக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? 2018 ஏப்ரல் 28இல் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு இணைப்புக் கொடுத்து, நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். வீடுகளுக்கு இணைப்புத் தர அதற்கு முந்தைய வருசம்தான் சௌபாக்யா திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். கிராமக் கணக்கு வேற, வீட்டுக் கணக்கு வேறன்னு அவங்களுக்கே தெரியும்.

இப்ப இந்த மலைக்கு வருவோம். ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசு கைக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் நிலை பற்றிய வழக்கை எடுத்தது. மேலே ரோடு இருக்கா, பள்ளிக்கூடம் இருக்கான்னு கேட்க, கீழே அத்தனை சாவு விழ வேண்டியிருந்தது.

மலையில கம்பி இழுக்கணும்னா, ‘இது காட்டு நிலம்’னு ஒரு பதில் வரும். மாணவர்கள் இதைக் குறிச்சுக்கோங்க. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). பதிமூன்று பொது வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க அது வழி செய்கிறது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, குடிநீர், சாலையோடு மின்கம்பியும் மரபுசாரா எரிசக்தியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதாவது முதல் கையெழுத்து உங்க கையெழுத்து. கிராம சபையில இதைத் தீர்மானமாப் போடாம யார்கிட்டயும் மனு தூக்கிக்கிட்டு அலையாதீங்க.

அடுத்தது, எதுக்குக் கரண்டு? குடிசைக்கு ஒரு விளக்கு, 40 வாட் என்று தமிழ்நாட்டில் ஒரு திட்டம் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்க தெருவுக்கு முதல் வெளிச்சம் அதுலதான் வந்தது. ஆனா 1990இல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் முழுக்க இலவசம் ஆச்சே, அது நிலமும் கிணறும் உள்ளவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நிலம் இருக்கறவனுக்கு மோட்டார், இல்லாதவனுக்கு ஒத்தை பல்பு. அவனுக்கு உற்பத்தி, நமக்கு வெளிச்சம்.

அம்பேத்கரைச் சட்டம் எழுதினவராத்தான் நமக்குக் காட்டறாங்க. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தன. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை போகாது என்று 1943லேயே வாதிட்டார். அவர் கேட்டது ஒத்தை பல்பு இல்லை.

இந்த மலையில சாமை விளையுது, மரவள்ளி விளையுது. மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறி சின்னசேலம், ஆத்தூர் சேகோ ஆலைகளுக்குப் போகுது. கிழங்கு நம்முது, ஆலை அவங்களுது. மும்முனைக் கரண்டு இங்க வந்து, சாமை குத்தவும் கிழங்கு அரைக்கவும் மலைச் சனங்களே ஒரு மில் வெச்சா என்ன? சூரிய விளக்கு கொடுத்தா வாங்கிக்கோங்க. அதைக் கொடுத்துட்டு லைன் வேண்டாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

கடைசியா ஒரு வேலை. ஊருக்குப் போனதும் ஒரு நோட்டு எடுங்க. கம்பத்தை எண்ணாதீங்க, வீட்டை எண்ணுங்க. இணைப்பு யார் பேருல இருக்கு? ராத்திரி எத்தனை மணி நேரம் எரியுது? பியூஸ் போனா எத்தனை நாள்ல வந்து பார்க்கறாங்க? மும்முனை லைன் எந்தத் தெருவோட நிக்குது? மலையில இருக்கறவங்க மலைக் கணக்கை எடுங்க. நாங்க சேரிக் கணக்கை எடுக்கறோம். அடுத்த கூட்டத்துல ரெண்டு நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.