கடலுக்கு நாம் அனுப்பும் பொதி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். நாமும் அங்கிருந்தே தொடங்குகிறோம். நாம் படித்த காலத்தில் மதியச் சாப்பாடு வாழையிலையில் கட்டி வந்தது. மீன் வாங்கப் போன அம்மாவின் கையில் பனையோலை உமல் இருந்தது. கோயில் அன்னதானத்துக்குக் குளத்துத் தாமரை இலை. சாப்பிட்டு முடித்ததும் இலை மாட்டுக்கோ மண்ணுக்கோ போனது. குப்பையை என்ன செய்வது என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை.

இன்று பேச வேண்டியிருக்கிறது.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருப்பவர்கள் கடல் தமக்குத் தூரம் என்று நினைப்பதுண்டு. புவியியல் பாடத்தில் கீறிய படத்தை நினைத்துப் பாருங்கள். வவுனியாப் பக்கம் தொடங்கும் கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. பேராறு நந்திக்கடலுக்கு வருகிறது. மாரியில் குளங்கள் வான் பாயும்போது, ஒழுங்கையோரத்தில் எறிந்த சொப்பிங் பையும் சோடாப் போத்தலும் அந்த வெள்ளத்தோடு இறங்குகின்றன. வட்டுவாகல் முகத்துவாரம் திறந்தால் அடுத்தது பெருங்கடல்தான். கடலில் சேரும் பிளாஸ்ரிக்கில் பெரும்பங்கு இப்படி நிலத்திலிருந்தே போகிறது. அது உக்குவதில்லை, வெயிலிலும் அலையிலும் நொறுங்கி, மீன் விழுங்கும் அளவுக்குச் சிறிதாகிறது. கடலில் கைவிடப்படும் தங்கூசி வலையோ, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். பயறளவான பிளாஸ்ரிக் மணிகள் மட்டும் அதில் சுமார் 1,680 தொன். மேற்குக் கரை வெள்ளையாகிப் போனது. மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியவில்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அந்தக் கப்பலுக்கு உரிமையாளர் இருந்தார், வழக்குப் போட முடிந்தது. எங்கள் ஒழுங்கையிலிருந்து போகும் பைக்கு யார் மீது வழக்குப் போடுவது?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2017 செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடை. 2021இல் சிறு சஷே பைக்கற்றுகள் தடை. 2023இல் பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு மட்டுமல்ல, இடியப்பத் தட்டும் பூமாலையும்கூடத் தடைப் பட்டியலில் வந்தன. ஆனாலும் சட்டம் கடை வாசல் வரைதான் வரும். அடுக்களைக்குள் நாம்தான் இருக்கிறோம்.

ஒரு வெட்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் சங்கம் ஒருமுறை முல்லைத்தீவுக் கடற்கரையைத் துப்புரவு செய்யப் போனது. மூன்று மணித்தியாலம் குனிந்து நிமிர்ந்து மூட்டை மூட்டையாகப் பொறுக்கினோம். பிறகு மரநிழலில் இருந்து, பொலித்தீனில் சுற்றிய சோற்றுப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் பிரித்தோம். எழும்பும்போது ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, இதை எந்த மூட்டையில் போடுறது?" எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, இந்த ஆண்டு விழாக்கள் எல்லாவற்றிலும் இலைச் சாப்பாடு, எவர்சில்வர் குவளை. கழுவுவதற்கு ஆள் வேண்டும். கழுவ நாங்கள் வருகிறோம்.

இரண்டு, பரிசும் நினைவுப் பொருளும் பனையோலைப் பெட்டியிலேயே கொடுப்போம். சொப்பிங் பையைவிட விலை கூடத்தான். ஆனால் அந்தக் காசு, தனியாகக் குடும்பம் பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் கைக்குப் போகும்.

மூன்றாவது, வெளிநாட்டுச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். போத்தல் தண்ணீரை விடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வது எளிது. வன்னியில் பல கிணறுகளின் நீர் கல்லும் சவருமானது என்பது உங்களுக்கே தெரியும். பயத்தில்தான் பெற்றோர் போத்தல் வாங்குகிறார்கள். ஆகவே வரவேற்பு வளைவு கட்டும் பணத்தை, ஒரு நல்ல நீர்ச் சுத்திகரிப்புத் தொகுதிக்கும் குழாய்களுக்கும் தாருங்கள். வளைவில் உங்கள் பெயர் இருக்காது. ஆயினும் பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவந்து நிரப்பிக்கொள்வார்கள்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது எங்கள் மரபு. நாம் எந்தச் சமயத்தவராயினும் அந்த விளக்கைத் தெரியாதவர் இங்கே இல்லை. சுனாமியில் எம்மவர்களை எடுத்ததும் அந்தக் கடல்தான். அதன்பின்னும் எமக்குச் சோறு போடுவதும் அதுதான். அடுத்த நூற்றாண்டில் தீர்த்தமெடுக்கக் குனியும் கைக்குத் தண்ணீர் மட்டும் வரட்டும்.