பேயுருவும் தாயுள்ளமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





கணினியில் விளையாடும் என் தம்பி அண்மையில் ஒரு வினாத் தொடுத்தான். அவன் விளையாட்டின் கதாநாயகன் சாபத்தினால் கோர அரக்கனாகிவிட்டானாம். "அண்ணா, உருவம் மாறிய பின்னும் அவன் அவன்தானா?" என்று கேட்டான்.

மிஷன் பாடசாலையிலே நான் கற்ற ஹோமரின் காவியம் நினைவுக்கு வந்தது. மாயக்காரி சேர்சி பன்றிகளாக்கிய மாலுமிகள், மனித மனம் மாறாமல் அழுகிறார்கள். 1915இல் வெளியான காஃப்காவின் கதையிலோ, பூச்சியாக மாறிய மகனை அவன் குடும்பமே வெறுத்து ஒதுக்குகிறது. இவையெல்லாம் கேளாமல் வந்த கேடுகள். பேயுருவை வேண்டிப் பெற்ற ஒருவரை நம் சைவ உலகம் அறியும். அவரே காரைக்காலம்மையார்.

புனிதவதியாராக இல்லறம் நடத்திய அவருடைய கையில் இறையருளால் மாங்கனி வந்ததும், அதனைக் கண்ட கணவன் பரமதத்தன் அஞ்சிப் பிரிந்ததும், பாண்டிநாட்டில் மறுமணம் செய்ததும், பின்னர் அவர் காலில் வீழ்ந்ததும் பெரியபுராணத்தில் நாம் கற்றவையே. கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அம்மையார் அதனை உதறினார். பேயுருவை இறைவனிடம் இரந்து பெற்றார்.

கணவன் தெய்வம் என்று வணங்கினான். வழியிற் கண்டோர் பேய் என்று ஓடினர். வணங்கியவனும் ஓடியவரும் செய்தது ஒன்றே: அவரை விட்டு விலகினர். தலையால் நடந்து கயிலை சேர்ந்தவரைச் சிவபெருமான் மாத்திரம் "அம்மையே" என்றழைத்தார். அம்மையாரும் தம்மை மறைக்கவில்லை. காரைக்காற் பேய் என்றே தம் பாடல்களில் முத்திரையிட்டார். அவர் அன்பும் தமிழும் குன்றவில்லை.

பொலன்னறுவைச் சிவாலயத்திற் கிடைத்த அம்மையாரின் வெண்கலத் திருவுருவம் நம் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்துள்ளது. என்பு தோன்றும் உடல், கையிலே தாளம். அதனை நான் கைகூப்பி வணங்கியதுண்டு.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வெட்கப்படுகிறேன். சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில், தீக்காயத்தால் முகம் சிதைந்த அன்பர் ஒருவர் என் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தார். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து, பின்வரிசைக்குப் போனேன். சிறிது நேரத்தில் அவரும் எழுந்து வெளியேறிவிட்டார். வெண்கலத்தில் வணங்கியதை மனிதரில் நான் வணங்கவில்லை.

போரினாலும் நோயினாலும் விபத்தினாலும் உருமாறியவர்கள் நம் வீதிகளிலே வாழ்கிறார்கள். அவர்கள் வேண்டிப் பெற்ற உருவமன்று அது. அவர்களைப் பரிதாபத்தால் தெய்வமாக்கவும் வேண்டாம், அருவருப்பால் பேயாக்கவும் வேண்டாம். அண்ணா, அக்கா, அம்மா என்று பழைய முறை சொல்லி அழைப்போம், பக்கத்தில் அமர்வோம்.

தம்பிக்கு என் விடை இதுதான்: அவன் அவனே. அதை அறிந்து அவனை அழைப்பது நம் கடன். அந்த அன்பர் இனியொருநாள் வருவாரானால், என் பக்கத்து ஆசனம் அவருக்கு உரியது.