காயம் சாதியுடையது, பில் நம்முடையதா?

தோழர்களே, நான் பேங்க் கிளார்க். ஒருத்தர் என் கையிலருந்து பணம் வாங்காம, "மேசைல வை"ன்னார். அன்னைக்குப் போன தூக்கம் திரும்பல. தனியார் மனநல ஆலோசகரிடம் போனேன். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய். சம்பளக்காரன், குடுத்தேன். நடவுக்குப் போற எங்க அக்கா என்ன செய்வா?

1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. தப்பிக் கரையேறினவங்க பயத்தை உட்கார்ந்து கேட்டது யாரு?

அரசிடம் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. 14416க்குப் பேசக் காசில்ல. போங்க, பேசுங்க. தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் மாத்திரையோட நிறுத்தாம, பேச்சைக் கேட்க ஆள் போடச் சொல்லுவோம். வெட்கப்பட வேண்டியது காயம்பட்டவன் இல்ல.